சிவப்பணுவும் அணுவும்: செல் எவ்வளவு பெரிது, அணு எவ்வளவு சிறிது?

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருநாள் ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், ஒரு சிவப்பணுவுல எத்தனை எலக்ட்ரான் இருக்கும்?" பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழில் படிக்கிற பிள்ளைக்கு வர வேண்டிய கேள்விதான் அது. கார்பன் அணுவில் 6 எலக்ட்ரான், ஆக்சிஜன் அணுவில் 8. அப்படியானால் சிவப்பு அணுவில்? மொழி காட்டிய வழியில் அவள் சரியாகத்தான் நடந்திருக்கிறாள்.

அந்தக் கேள்விக்கு நிஜமாகவே விடை இருக்கிறது. கடைசிப் படியில் அதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கப்போகிறோம். அதற்கு முன் செல்லுக்கும் அணுவுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் படிப்படியாக இறங்கிப் பார்த்துவிட வேண்டும். ஒரு ஸ்கேல், ஒரு பென்சில், ஒரு சிட்டிகை கசகசா எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: சொற்களைப் பிரித்து வையுங்கள்

'அணு' என்றால் மிக நுண்ணியது என்று நம் மொழியில் பழைய பொருள் உண்டு. வேதியியலும் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது, உயிரியலும் எடுத்துக்கொண்டது. உயிரணு, சிவப்பணு, வெள்ளையணு, விந்தணு, நரம்பணு எல்லாமே செல்கள். ஹைட்ரஜன் அணு, இரும்பு அணு, தங்க அணு இவைதான் அணுக்கள். நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, தெரிந்த சொற்களை இரண்டு பக்கமாக எழுதிவிடுங்கள். இலங்கைப் பாடநூல்களில் செல்லுக்குக் 'கலம்' என்று பெயர். சிவப்பணு அங்கே 'செங்குழியம்'. கலம் என்றால் பாத்திரம். உள்ளே பலவும் இருக்கும் என்பது பெயரிலேயே தெரிந்துவிடுகிறது. எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடிக்கும்.

இன்னொரு பொறி 'உட்கரு'. செல்லின் நடுவிலும் உட்கரு என்கிறோம், அணுவின் நடுவிலும் உட்கரு என்கிறோம். புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே மாதிரி வட்டம் போட்டு நடுவில் ஒரு புள்ளி வைத்திருப்பார்கள், இரண்டு படமும் ஒரே அகலத்தில் இருக்கும். பாதிக் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. செல்லின் உட்கரு சுமார் 6 மைக்ரோமீட்டர் அகலம். கார்பன் அணுவின் கரு அதைவிட 100 கோடி மடங்குக்கும் மேல் சிறியது. அதனால் அணுவுக்கு 'அணுக்கரு' என்றும் செல்லுக்கு 'உட்கரு' என்றும் பழகிக்கொள்வது நல்லது.

படி 2: ஸ்கேலில் இருந்து இரண்டு முறை இறங்குங்கள்

ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டரைப் பாருங்கள். அதை 1,000 சமத் துண்டாக வெட்டினால் ஒரு துண்டு ஒரு மைக்ரோமீட்டர். மைக்ரான் என்றும் சொல்வார்கள். அந்த மைக்ரோமீட்டரை மறுபடியும் 1,000 துண்டாக வெட்டினால் ஒரு துண்டு ஒரு நானோமீட்டர். செல்களை மைக்ரோமீட்டரில் அளக்கிறோம். அணுக்கள் நானோமீட்டருக்கும் கீழே.

நினைவில் வைக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. வெறும் கண்ணால் பார்க்க முடிந்த மிகச் சிறிய பொருள் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். மனிதக் கருமுட்டை அந்த அளவுதான். அது ஒரே ஒரு செல். ஹைட்ரஜன் அணுவின் குறுக்களவு சுமார் 0.1 நானோமீட்டர். இரண்டுக்கும் எண் ஒன்றேதான். மில்லி இருந்த இடத்துக்கு நானோ வந்துவிட்டது. மில்லிக்கும் நானோவுக்கும் நடுவே 10 லட்சம் மடங்கு. இந்த இரு முனைகளும் மனதில் நின்றுவிட்டால், மற்றதையெல்லாம் இடையில் பொருத்திவிடலாம்.

படி 3: இடையில் இருப்பவற்றை வரிசைப்படுத்துங்கள்

நோட்டில் மேலிருந்து கீழாக எழுதுங்கள்:

வெங்காயத் தோல் செல் – நீளம் சுமார் 0.3 மில்லிமீட்டர், அதாவது 300 மைக்ரோமீட்டர்
தலைமுடியின் தடிமன் – 50 முதல் 100 மைக்ரோமீட்டர்
கன்னத்தின் உட்புறச் செல் – சுமார் 60 மைக்ரோமீட்டர்
சிவப்பணு – சுமார் 7.5 மைக்ரோமீட்டர்
குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா – நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர்
கொரோனா வைரஸ் – சுமார் 100 நானோமீட்டர்
ரைபோசோம் – 20 முதல் 30 நானோமீட்டர்
ஹீமோகுளோபின் மூலக்கூறு – 5 முதல் 6 நானோமீட்டர்
டிஎன்ஏ இழையின் தடிமன் – 2 நானோமீட்டர்
நீர் மூலக்கூறு – சுமார் 0.28 நானோமீட்டர்
ஹைட்ரஜன் அணு – சுமார் 0.1 நானோமீட்டர்

எழுதி முடித்ததும் ஒன்று கண்ணில் படும். செல்லுக்கு அடுத்து நேராக அணு வரவில்லை. நடுவே பாக்டீரியா, வைரஸ், ரைபோசோம், புரதம், சிறு மூலக்கூறு என்று ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. வைரஸை அணுவுக்குப் பக்கத்தில் வைத்து நினைப்பவர்கள் நிறைய பேர். கொரோனா வைரஸின் குறுக்கே ஹைட்ரஜன் அணுக்களை வரிசையாக அடுக்கினால் 1,000 தேவைப்படும்.

ரைபோசோம் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் இயந்திரம் அது. அதில் எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டறிந்ததற்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் வெங்கி ராமகிருஷ்ணன், 1952இல் சிதம்பரத்தில் பிறந்தவர். செல்லுக்கும் அணுவுக்கும் நடுவே இருக்கும் ஒரு பொருளை, லட்சக்கணக்கான அணுக்களின் அடுக்காகவே பார்க்க வைத்த வேலை அது.

"செல் அணுவைவிட எத்தனை மடங்கு பெரிது?" என்று யாராவது கேட்டால், "எந்தச் செல்?" என்று திருப்பிக் கேளுங்கள். அணுக்களுக்குள் அளவு வேறுபாடு மிகக் குறைவு. ஹைட்ரஜனுக்கும் மிகப் பெரிய அணுக்களில் ஒன்றான சீசியத்துக்கும் இடையே ஏறக்குறைய ஐந்து மடங்குதான். செல்கள் அப்படி அல்ல. மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் 0.2 – 0.3 மைக்ரோமீட்டர்தான் இருக்கும். கரீபியனில் குவாதலூப் தீவின் அலையாத்திக் காட்டில் கண்டெடுத்து 2022இல் அறிவித்த ஒரு பாக்டீரியா சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளம், கண்ணுக்கு நூல் மாதிரித் தெரியும். முதுகுத்தண்டிலிருந்து கால்விரல் வரை ஓடும் நரம்பு செல் சுமார் ஒரு மீட்டர் நீளம். ஆனால் யானைக்குச் செல்கள் பெரிதாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். எலியின் சிவப்பணு சுமார் 6 மைக்ரோமீட்டர், நம்முடையது 7.5, யானையுடையது சுமார் 9. யானை பெரிதாக இருப்பதற்குச் செல்களின் எண்ணிக்கைதான் காரணம்.

மிகச் சிறிய செல்லும் ஏன் அணு அளவுக்குப் போக முடியாது என்பதற்கும் இந்தப் பட்டியலிலேயே விடை இருக்கிறது. உயிர் வாழ டிஎன்ஏ வேண்டும், ரைபோசோம்கள் வேண்டும், சுற்றிலும் சவ்வு வேண்டும். ஒரு ரைபோசோமே 20 நானோமீட்டர். 200 நானோமீட்டர் அகலச் செல்லுக்குள் குறுக்கே பத்தை அடுக்கினாலே இடம் முடிந்துவிடும்.

படி 4: எல்லாவற்றையும் ஒரு கோடி மடங்கு பெரிதாக்குங்கள்

எண்களைச் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், மனதில் படம் வராது. கையில் கசகசாவைக் கொடுத்தால் வரும். ஒரு கசகசா சுமார் ஒரு மில்லிமீட்டர். 0.1 நானோமீட்டரை ஒரு கோடி மடங்கு பெருக்கினால் அதே ஒரு மில்லிமீட்டர்தான். சரி, உள்ளங்கையில் இருக்கும் அந்த ஒரு மணிதான் ஹைட்ரஜன் அணு என்று வைத்துக்கொள்வோம். இப்போது உலகம் முழுவதையும் அதே ஒரு கோடி மடங்கு பெரிதாக்குங்கள்.

நீர் மூலக்கூறு ஒரு மல்லி விதை. டிஎன்ஏ இரண்டு சென்டிமீட்டர் தடிமனான கயிறு. ஹீமோகுளோபின் ஓர் எலுமிச்சம்பழம். ரைபோசோம் ஒரு கால்பந்து. கொரோனா வைரஸ் ஒரு மீட்டர் உயர உருண்டை. ஐந்து வயதுக் குழந்தை அதன் பக்கத்தில் நின்றால் தலை கொஞ்சம் மேலே தெரியும். ஈ.கோலை பாக்டீரியா 20 மீட்டர், ஏறக்குறைய இரண்டு பஸ்களை முன்னும் பின்னுமாக நிறுத்திய நீளம்.

சிவப்பணு? 75 மீட்டர். கிரிக்கெட் மைதானத்தில் பிட்சின் நடுவே நின்று பவுண்டரிக் கயிற்றைப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்தத் தூரம். அவ்வளவு அகலமான ஒரு தட்டு, விளிம்பில் 20 மீட்டர் உயரத்துக்கு, அதாவது ஆறு மாடி உயரத்துக்கு நிற்கிறது. நடுவே குழிந்திருக்கிறது. அதைச் சுற்றியிருக்கும் சவ்வு சில சென்டிமீட்டர்தான், ஒரு செங்கல்லின் தடிமன் அளவு. உள்ளே எலுமிச்சம்பழங்கள் நெருக்கியடித்துக்கொண்டு மிதக்கின்றன, இடைவெளியெல்லாம் மல்லி விதை. உங்கள் கையில் ஒரே ஒரு கசகசா.

இங்கே பிள்ளைகள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள்: "செல்லுக்குள்ளே அணு இருக்கா, இல்ல செல்லே அணுவா?" பை ஒன்று, அதற்குள் அணுக்கள் என்று நினைக்க வேண்டாம். பையும் அணுக்களால் ஆனதே. சவ்வும், உள்ளே இருக்கும் நீரும், புரதமும் எல்லாம் அணுக்கள்தான்.

இதே கணக்கில் வெங்காயத் தோல் செல் 3 கிலோமீட்டர், கருமுட்டை ஒரு கிலோமீட்டர். 1.6 மீட்டர் உயரமான ஒருவர் 16,000 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விடுவார். பூமியின் குறுக்களவே 12,742 கிலோமீட்டர்தான். ஒரு செல்லுக்குள் சுருட்டி வைத்திருக்கும் இரண்டு மீட்டர் டிஎன்ஏவை நீட்டினால் 20,000 கிலோமீட்டர் கயிறு, பூமியைப் பாதி சுற்றிவிடும். ஆனால் முதிர்ந்த மனிதச் சிவப்பணுவில் உட்கரு கிடையாது, டிஎன்ஏவும் கிடையாது. அதனால் இந்தக் கயிற்றை வெள்ளையணுவிலோ கன்னத்துச் செல்லிலோதான் தேட வேண்டும்.

அணுக்கரு மட்டும் இந்த மாதிரியிலும் கண்ணுக்கு அகப்படாது. ஹைட்ரஜனின் கரு ஒரு புரோட்டான், அதன் குறுக்களவு ஒரு கோடி மடங்கு பெரிதான பிறகும் சுமார் 17 நானோமீட்டர்தான். நிஜ ரைபோசோமைவிடச் சற்றுச் சிறியது. கசகசாவின் நடுவே அது எங்கோ இருக்கிறது. புத்தகப் படத்தில் நடுவில் வைக்கும் அந்தக் கொழுத்த புள்ளியை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 5: சமையலறையிலேயே அளந்து பாருங்கள்

இவ்வளவு சிறியதை யார் அளந்தார்கள் என்ற சந்தேகம் வர வேண்டும். வந்தால்தான் பாடம் புரிகிறது என்று அர்த்தம். சாதாரண நுண்ணோக்கியால் அணுவைப் பார்க்க முடியாது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். அணு அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு சிறியது. ஒளி நுண்ணோக்கிக்கு ஏறக்குறைய 200 நானோமீட்டரில் எல்லை வந்துவிடும் என்பதன் காரணத்தை எர்ன்ஸ்ட் அபே 1873இலேயே விளக்கிவிட்டார். பள்ளி நுண்ணோக்கியில் 400 மடங்கில் வைத்தால் சிவப்பணு 3 மில்லிமீட்டர் வட்டமாகத் தெரியும். அதே 400 மடங்கில் அணு வெறும் 40 நானோமீட்டர். தனித்தனி அணுக்களைப் படமாக்கும் கருவியை பின்னிக், ரோரர் இருவரும் 1981இல் உருவாக்கினார்கள். அது ஒளியையே பயன்படுத்தவில்லை. கூரான ஊசிமுனையால் பரப்பைத் தடவுவது போல உணர்ந்தது.

ஆனால் அதற்கு 200 ஆண்டுகள் முன்பே வழி திறந்துவிட்டது. பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனில் கிளாப்ஹாம் குளத்தில் ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத எண்ணெயை ஊற்றினார். காற்றில் அலைந்துகொண்டிருந்த நீர், சுமார் அரை ஏக்கர் அளவுக்குக் கண்ணாடி போல அடங்கியது. 1774இல் அதை எழுதி வெளியிட்டார். எண்ணெய்ப் படலத்தின் தடிமனை அவர் கணக்கிடவில்லை, நாம் கணக்கிடலாம். 5 மில்லிலிட்டரை 2,000 சதுர மீட்டரில் பரப்பினால் தடிமன் 2.5 நானோமீட்டர். ஒற்றை மூலக்கூறின் உயரம்! 1890இல் ரேலே பிரபு இதைக் கவனமாகச் செய்து 1.6 நானோமீட்டர் என்றார். அதே காலத்தில் ஜெர்மனியில் ஆக்னஸ் பொக்கல்ஸ் என்ற பெண், பல்கலைக்கழகம் போகும் வாய்ப்பே இல்லாமல், வீட்டுச் சமையலறையில் ஒரு தகரத் தொட்டியை வைத்துக்கொண்டு நீர்ப்பரப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். ரேலேவுக்கு அவர் எழுதிய கடிதம் 1891இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. சமையலறையை ஆய்வகமாக்க முடியும் என்று காட்டியவர் அவர்.

நாமும் செய்யலாம். ஒரு பெரிய தாம்பாளத்தைக் கழுவி, சோப்பு வழுவழுப்பு சிறிதும் இல்லாமல் ஐந்தாறு முறை அலசுங்கள். சோப்பு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் சோதனை கெட்டுவிடும். நீர் ஊற்றி அலை அடங்கியதும் முகப்பவுடரை மெல்லத் தூவுங்கள். ஊசிமுனையால் அரை மில்லிமீட்டர் அளவுத் துளி நல்லெண்ணெய் எடுத்து நடுவில் தொடுங்கள். பவுடர் சட்டென்று விலகி வட்டம் விழும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், காரணம் பிறகு சொல்கிறேன்.

அரை மில்லிமீட்டர் துளியின் கனஅளவு சுமார் 0.065 கன மில்லிமீட்டர். வட்டம் 20 சென்டிமீட்டர் அகலம் என்றால் பரப்பு 31,400 சதுர மில்லிமீட்டர். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.000002 மில்லிமீட்டர், அதாவது 2 நானோமீட்டர். துளியை அளப்பதில் கை தவறலாம், அதனால் விடை 1 முதல் 5 நானோமீட்டருக்குள் வந்தாலே மகிழ்ச்சி அடையுங்கள்.

நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் உள்ள கொழுப்பு அமிலச் சங்கிலிகளில் பெரும்பாலும் 18 கார்பன் அணுக்கள் வரிசையாக இருக்கும். தேங்காய் எண்ணெயில் 12 கார்பன் சங்கிலிதான் அதிகம். கணக்கு மாறிவிடும் என்பதால்தான் அதை ஒதுக்கினோம். சங்கிலி நீரின் மேல் நின்றுகொண்டிருக்கிறது என்று வைத்து, 2 நானோமீட்டரை 18ஆல் வகுங்கள். 0.11 நானோமீட்டர். ஒரு தாம்பாளத்தையும் பவுடரையும் வைத்து அணுவின் அளவைத் தொட்டுவிட்டீர்கள்.

படி 6: நீளத்தோடு நிறுத்தாமல் எண்ணிக்கைக்கு வாருங்கள்

சிவப்பணு 7.5 மைக்ரோமீட்டர், அணு 0.1 நானோமீட்டர், வகுத்தால் 75,000. "அப்போ ஒரு சிவப்பணுவுல 75,000 அணு" என்று முடித்துவிடுவதுதான் அதிகம் பேர் செய்யும் பிழை. அது குறுக்கே ஒற்றை வரிசையில் நிற்கக்கூடிய எண்ணிக்கை மட்டுமே. செல்லுக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் இருக்கின்றன.

கனஅளவில் போடுவோம். செல்லைத் தோராயமாக நீராகவே எடுத்துக்கொள்ளலாம். 18 கிராம் நீரில் 6.022 × 10²³ மூலக்கூறுகள். ஒரு கன மைக்ரோமீட்டர் நீரின் எடை, ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதில் சுமார் 3,340 கோடி நீர் மூலக்கூறுகள் இருக்கும். மூலக்கூறுக்கு 3 அணு வீதம் ஏறக்குறைய 10,000 கோடி அணுக்கள். சிவப்பணுவின் கனஅளவு சுமார் 90 கன மைக்ரோமீட்டர். பெருக்கினால் 9 லட்சம் கோடி அணுக்கள். நொடிக்கு ஒன்றாக எண்ணினால் 2 லட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகள் ஆகும்.

10 மைக்ரோமீட்டர் பக்கமுள்ள கனசதுரச் செல்லுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், 100 லட்சம் கோடி வரும்.

படி 7: அவள் கேட்ட எலக்ட்ரான்

நீர் மூலக்கூறில் ஆக்சிஜனுக்கு 8, இரண்டு ஹைட்ரஜனுக்கு 2, ஆக 10 எலக்ட்ரான்கள். 3,340 கோடி மூலக்கூறு, அதை 10ஆல் பெருக்கி, பிறகு 90ஆல் பெருக்குங்கள். சுமார் 30 லட்சம் கோடி. ஒரு சிவப்பணுவில் இருக்கும் எலக்ட்ரான்கள் அவ்வளவு.

இதைப் பலகையில் எழுதியதும் அவள் அடுத்த கேள்வியைக் கேட்டாள். உடம்பில் மொத்தம் எத்தனை சிவப்பணு? ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சுமார் 50 லட்சம். நம் உடம்பில் சுமார் 5 லிட்டர் இரத்தம், அதாவது 50 லட்சம் கன மில்லிமீட்டர். 50 லட்சத்தை 50 லட்சத்தால் பெருக்கினால் 25 லட்சம் கோடி. ஒரு சிவப்பணுவுக்குள் இருக்கும் எலக்ட்ரான்களும், ஓர் உடம்புக்குள் இருக்கும் சிவப்பணுக்களும் எண்ணிக்கையில் கிட்டத்தட்ட ஒன்றாக வருகின்றன.

அப்புறம் இரும்பு. ஒரு சிவப்பணுவில் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின், ஒவ்வொன்றிலும் 4 இரும்பு அணுக்கள், ஆக 108 கோடி. செல்லின் அணுக்களில் ஏறக்குறைய 8,000க்கு ஒன்றுதான் இரும்பு. உடம்பின் 25 லட்சம் கோடி சிவப்பணுக்களிலும் உள்ள இரும்பு அணுக்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் சுமார் 2.5 கிராம் வரும். ஒரு சின்ன ஆணியின் எடை.